அரைக் கிலோவின் கணக்கு: புரோஜீரியா அறக்கட்டளை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு வயது கடந்த ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ எடை கூடுவது இயல்பு. புரோஜீரியா என்னும் அரிய மரபணுக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு அந்தக் கூடுதல் சராசரியாக 0.44 கிலோ, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. இந்த எண் கிடைத்த விதம் எளியது. வெவ்வேறு நாடுகளில் இருந்த பெற்றோர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடியெடுத்தும், வீட்டிலேயே குழந்தையை எடை பார்த்துக் குறித்துவைத்தும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீபடி என்னும் ஊரிலிருந்து இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அந்த எண்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ நேர்கோடாகவே ஒரு கோடு விழுந்தது. மிக மெதுவாக, ஆனால் மாறாத சரிவில் ஏறும் கோடு. ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதைச் சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

புரோஜீரியா ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற அந்த அமைப்பு 1999இல் தொடங்கப்பட்டது. நோய்க்கான மரபணு 2003இல் கண்டறியப்பட்டது, முதல் மருத்துவப் பரிசோதனை 2007இல் தொடங்கியது, முதல் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 நவம்பர் 20 அன்று ஒப்புதல் அளித்தது. எதுவுமே இல்லாத நிலையிலிருந்து ஒப்புதல் பெற்ற மருந்துவரை 21 ஆண்டுகள். உலகெங்கும் சில நூறு பேருக்கு மட்டுமே இருக்கும் ஒரு நோய்க்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அறிவியலின் பங்கு இதில் பெரிது. ஆனால் அந்த அறிவியல் கால் ஊன்றுவதற்கான தரையை, அதாவது குழந்தைகளின் பட்டியலையும் செல்களையும் எடைக் குறிப்புகளையும், ஒரு குடும்பம் தொடங்கிய தொண்டு நிறுவனம் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது என்பதைத்தான் நான் இங்கே முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

நோயின் இயல்பு

இந்த நோயை 1886இல் ஜொனாதன் ஹட்சின்சனும், பின்னர் 1897இல் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டும் மருத்துவ இதழ்களில் விவரித்தார்கள். காலத்துக்கு முந்திய முதுமை என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் புரோஜீரியா என்ற பெயரை 1904இல் வைத்தவர் கில்ஃபோர்டு. முழுப்பெயரில் இருவரின் பெயரும் சேர்ந்து ஹட்சின்சன்-கில்ஃபோர்டு புரோஜீரியா நோய்க்குறி என்று வழங்குகிறது. ஏறத்தாழ 40 லட்சம் பிறப்புகளில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் உயிரோடு இருப்பவர்களைக் கணக்கிட்டால் இரண்டு கோடிப் பேருக்கு ஒருவர்.

பிறக்கும்போது குழந்தையிடம் பெரும்பாலும் எந்த வேறுபாடும் தெரியாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடை ஏறுவது தடைபடும்; தோல் சில இடங்களில் இறுகிப் பளபளக்கும்; முடி உதிரும்; தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கரைந்து நெற்றியிலும் தலையிலும் நரம்புகள் புடைத்துத் தெரியும்; மூட்டுகள் விறைக்கும்; இடுப்பு மூட்டு நழுவக்கூடும். அறிவு வளர்ச்சி எந்தக் குறையும் இல்லாமல் வயதுக்கேற்ப இருக்கும். இதை ஒரு முறைக்கு இரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தோற்றத்தைப் பார்த்துக் குழந்தையின் புரிதலையும் குறைத்து எடைபோடுகிறவர்கள் அதிகம். உயிரைப் பறிப்பது இரத்தக் குழாய்கள் தடித்து அடைபடுவது. எழுபது வயதில் வரவேண்டிய மாரடைப்பும் பக்கவாதமும் பத்து வயதுக்கு முன்பின்னாக வருகின்றன. சிகிச்சை இல்லாத நிலையில் சராசரி ஆயுள் 14.5 ஆண்டுகள்.

இந்த நோய் பரம்பரையாக இறங்கி வருவது அரிது. பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம், கரு உருவாகும் நேரத்தில் புதிதாக நிகழ்கிறது. எந்தப் பக்கத்து இரத்தம், யார் வழியில் வந்தது என்று நம் குடும்பங்களில் எழும் கேள்விக்கு இங்கே இடமே இல்லை. தாயின் மீதோ தந்தையின் மீதோ சுமத்த எந்தப் பழியும் இல்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரம்பரையாக வரும் இரத்த உறையாமை நோய் போன்றவற்றில், வீட்டில் ஒரு மாமாவோ பெரியப்பா மகனோ அதை அனுபவித்திருப்பார். எந்த மருத்துவமனைக்குப் போவது, எதைத் தவிர்ப்பது என்று சொல்ல ஆள் இருக்கும். புரோஜீரியாக் குழந்தையின் பெற்றோருக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஊரில் மட்டுமல்ல, பல நேரங்களில் அந்த நாட்டிலேயே அவர்கள் ஒரே குடும்பம். ஆகவே இந்த நோயில் தொண்டு நிறுவனம் என்பது உறவினரின் இடத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

தொடக்கம்

சாம் பர்ன்ஸ் 1996 அக்டோபரில் பிறந்தான். இரண்டு வயது நிறையும் முன்பே, 1998இல், அவனுக்குப் புரோஜீரியா என்று தெரியவந்தது. தாய் லெஸ்லி கார்டன், தந்தை ஸ்காட் பர்ன்ஸ் இருவருமே மருத்துவர்கள்; தந்தை குழந்தை மருத்துவர். ஆனாலும் அவர்களால் போய் நிற்க ஓர் இடம் இல்லை. நோயை உறுதிசெய்ய மரபணுச் சோதனை கிடையாது. ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது ஏதும் நடக்கவில்லை. அதற்கு நிதி தரும் அமைப்பு எதுவும் இல்லை. மறு ஆண்டே அவர்கள் குடும்பத்தாரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். லெஸ்லியின் சகோதரியும் வழக்கறிஞருமான ஆட்ரி கார்டன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். லெஸ்லி தன் மருத்துவப் பயிற்சியை விட்டு ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார்.

பெற்றோர் மருத்துவர்களாக இருந்ததால்தான் இது முடிந்தது என்று சொல்லிக் கடந்துவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மருத்துவ அறிவைவிட, எதை முதலில் செய்வது என்ற தெளிவுதான் இவர்களைத் தனித்துக் காட்டுகிறது என்பது என் கருத்து. கையில் இருந்த சிறு நிதியை ஏதாவது ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. ஓர் ஆராய்ச்சியாளர் இந்த நோயின் மீது ஆர்வம் கொண்டால் அடுத்த நாள் காலையில் அவருக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்று கேட்டுக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகச் சேகரித்தார்கள்.

பதிவேடும் செல் வங்கியும்

முதலில் தேவைப்பட்டது குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம். அதற்காக உலகளாவிய பதிவேடு ஒன்று உருவானது. அடுத்தது செல்கள். புரோஜீரியாவை ஆராய விரும்பும் அறிவியலாளர் ஒருவர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு குழந்தையை நேரில் பார்க்காமலே போகக்கூடும். அவருக்குத் தோல் செல்களும் இரத்த மாதிரியும் எங்கிருந்து கிடைக்கும்? அறக்கட்டளை 2002இல் செல் மற்றும் திசு வங்கியைத் தொடங்கியது. ஒரு குழந்தையின் தோலில் எடுக்கப்படும் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துண்டு, அங்கிருந்து வங்கிக்கு வந்து வளர்க்கப்பட்டு, பெருக்கப்பட்டு, உறைநிலையில் சேமிக்கப்பட்டு, கேட்கும் ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பப்படுகிறது. அந்தக் குழந்தை இறந்த பிறகும் அதன் செல்கள் ஆய்வகங்களில் இருக்கின்றன. இதற்குச் சம்மதம் கொடுத்துக் கையெழுத்திடும் பெற்றோரின் மனநிலையை நினைத்துப் பார்க்காமல் இந்த வங்கியைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. தங்கள் பிள்ளைக்குப் பயன்படுமா என்பது தெரியாமலேயே கொடுத்தார்கள்.

மூன்றாவது, பிரவுன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைத்த மருத்துவ ஆவணத் தொகுப்பு. எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை முடிவுகள், உயரம், எடை, எந்த வயதில் என்ன நிகழ்ந்தது என்ற குறிப்புகள், இறந்த வயது என எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தன. தொடக்கத்தில் சொன்ன 0.44 கிலோ கணக்கு, 2007இல் வெளியான வளர்ச்சி பற்றிய ஆய்வின் மூலம் இந்தத் தொகுப்பிலிருந்து பிறந்ததுதான்.

மரபணுவைக் கண்டறிவதற்காக அறக்கட்டளை ஓர் ஆய்வாளர் கூட்டமைப்பை உருவாக்கியது. அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகை ஆராய்ச்சி நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் ஃபிரான்சிஸ் காலின்ஸின் குழு அதில் முக்கியப் பங்கு வகித்தது. மனித மரபணுத்தொகைத் திட்டம் நிறைவுபெற்றதாக அறிவிக்கப்பட்ட அதே 2003 ஏப்ரலில் புரோஜீரியாவின் காரணமும் வெளியானது. முதலாம் குரோமோசோமில் உள்ள எல்எம்என்ஏ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆராயப்பட்ட 20 பேரில் 18 பேருக்கு அச்சு மாறாமல் அதே இடத்தில் அதே மாற்றம். பிரான்சின் மார்செயில் நிக்கோலா லேவியின் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தது.

அந்த மாற்றம் விந்தையானது. ஜிஜிசி என்றிருக்க வேண்டிய மூன்றெழுத்துக் குறியீடு ஜிஜிடி என்று மாறுகிறது. இரண்டுக்குமே பொருள் ஒன்றுதான். இரண்டும் கிளைசின் என்ற அதே அமினோ அமிலத்தைத்தான் குறிக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எந்தக் கேடும் இல்லாத எழுத்துப் பிழை. ஆனால் செல்லுக்குள் மரபணுச் செய்தியை வெட்டித் தைக்கும் அமைப்பு, மாறிய அந்த எழுத்தைத் தையற்காரர் துணியில் போட்ட சுண்ணக்கட்டிக் கோடாக எடுத்துக்கொண்டு அங்கே கத்தரியை வைத்துவிடுகிறது. 150 எழுத்துகள் போய்விடுகின்றன; உருவாகும் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் குறைகின்றன. செல்லின் உட்கருவுக்கு உள்பக்கமாக நின்று அதற்கு வடிவம் கொடுக்கும் லாமின் ஏ என்ற புரதத்துக்குப் பதிலாகப் புரோஜெரின் என்ற குறைப்புரதம் உண்டாகிறது.

இயல்பான லாமின் ஏ உருவாகும்போது அதன் முனையில் ஃபார்னெசில் என்ற கொழுப்புத் துண்டு ஒன்று தற்காலிகமாக ஒட்டப்பட்டு, வேலை முடிந்ததும் வெட்டி எடுக்கப்படும். வெட்டப்பட வேண்டிய இடம் அந்த 50க்குள் போய்விட்டதால் புரோஜெரினிலிருந்து கொழுப்புத் துண்டு நீங்குவதே இல்லை. அது உட்கருவின் சவ்வில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய உட்கரு மேடும் பள்ளமுமாகப் புடைக்கிறது. நுண்ணோக்கியில் இது கண்ணுக்கே தெரியும். செல் வங்கியிலிருந்து போன செல்களில்தான் உலகின் பல ஆய்வகங்கள் இதைப் பார்த்தன.

காரணம் தெரிந்தவுடன் அறக்கட்டளை குடும்பங்களுக்குக் கட்டணமில்லாத மரபணுச் சோதனையைத் தொடங்கியது. அதுவரை தோற்றத்தை வைத்து ஊகித்துக்கொண்டிருந்த நோயை ஒரு துளி இரத்தத்தில் உறுதிசெய்ய முடிந்தது.

மருந்துப் பரிசோதனை

ஃபார்னெசில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருந்தன. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டவை அவை. அவற்றில் ஒன்றான லோனாஃபார்னிப், ஷெரிங்-பிளவ் நிறுவனத்திடம் இருந்தது. பின்னர் மெர்க் நிறுவனத்திடம் வந்தது. 2005இல் இத்தகைய மருந்துகள் ஆய்வகச் செல்களில் உட்கருவின் வடிவத்தைச் சீராக்குவதாகப் பல குழுக்கள் காட்டின. 2006இல் எலிகளிலும் பலன் தெரிந்தது. 2007 மே மாதத்தில், மரபணு கண்டறியப்பட்ட நான்கே ஆண்டுகளில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பரிசோதனை தொடங்கியது. 16 நாடுகளிலிருந்து 28 குழந்தைகள். இரண்டு ஆண்டுகளுக்கு நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு குடும்பமும் பாஸ்டனுக்கு வந்து போக வேண்டும். கடவுச்சீட்டே இல்லாத குடும்பங்களுக்கு, ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு, நெடுந்தூரப் பயணத்தில் எளிதில் தளர்ந்துவிடும் குழந்தைகளுக்கு இது எத்தனை பெரிய ஏற்பாடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிதி திரட்டியதும் குடும்பங்களைக் கண்டுபிடித்து அழைத்து வந்ததும் அறக்கட்டளையின் பணி.

இப்போது எடைக் கணக்குக்கு வருவோம். ஒரு மருந்தின் பலனை அறிய வழக்கமாக நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்துப்போலியும் தருவார்கள். உலகம் முழுவதும் தேடினாலும் பரிசோதனைக்கு முப்பது குழந்தைகளுக்கு மேல் சேராத நோயில், அதுவும் சராசரியாகப் பதினான்கு வயதில் முடிந்துவிடும் வாழ்க்கையில், பாதிக் குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகள் வெறும் மாத்திரை கொடுக்க யாருக்கு மனம் வரும்? அந்த இக்கட்டிலிருந்து மீட்டது பெற்றோர்கள் அனுப்பியிருந்த எடைக் குறிப்புகள். மருந்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் எடை எந்தச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்ததால், மருந்துக்குப் பிறகு அதே குழந்தையின் கோடு நிமிர்கிறதா என்று பார்க்க முடிந்தது. ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தானே ஒப்பீடு.

முடிவுகள் 2012 செப்டம்பரில் வெளியாயின. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 25 குழந்தைகளில் 9 பேருக்கு ஆண்டு எடைக் கூடுதல் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தது. இரத்தக் குழாய்களின் விறைப்பும் பலருக்குத் தணிந்திருந்தது. உயிரைப் பறிப்பது இரத்தக் குழாய்தான் என்பதால் எடையைவிட இதுவே பெரிய செய்தி. நோயிலிருந்து யாரும் விடுபடவில்லை.

பின்னர் லோனாஃபார்னிப்போடு, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிராவாஸ்டாட்டினும் எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலமும் சேர்த்து மூன்று மருந்துகளை 2009 முதல் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு, எலும்பு அடர்த்தியைத் தவிர வேறு எதிலும் மூன்று மருந்துகளால் கூடுதல் பலன் இல்லை என்றது. பல ஆண்டு உழைப்பின் ஏமாற்றமான முடிவு அது. அதை மறைக்காமல் வெளியிட்டு, மீண்டும் ஒற்றை மருந்துக்கே திரும்பினார்கள் என்பதை அறக்கட்டளையின் நேர்மைக்குச் சான்றாக நான் பார்க்கிறேன். நன்கொடையாளர்களை நம்பி வாழும் அமைப்புக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வது எளிதன்று.

ஆயுள் நீள்கிறதா என்ற கேள்விக்கு 2018இல் வெளியான ஆய்வு விடை தந்தது. லோனாஃபார்னிப் மட்டும் எடுத்துக்கொண்ட 27 பேரில் ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுத் தொடர் கவனிப்பில் ஒருவர் இறந்திருந்தார். அவர்களோடு ஒப்பிடத்தக்க, மருந்து பெறாத 27 பேரில் 9 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெறாதவர்கள் பற்றிய விவரம் அனைத்தும் அறக்கட்டளையின் பதிவேட்டிலிருந்தும் ஆவணத் தொகுப்பிலிருந்தும் வந்தது. 2020இல் ஒப்புதல் அளித்தபோது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இதே வகை ஒப்பீட்டைத்தான் ஏற்றுக்கொண்டது. மருந்து பெற்ற 62 பேரின் தரவை வைத்து, 11 ஆண்டுகள் வரையிலான தொடர் கவனிப்பில் சராசரியாக இரண்டரை ஆண்டு ஆயுள் கூடுவதாகக் கணக்கிட்டது. 2023இல் வெளியான நீண்டகால ஆய்வு அந்தப் பலன் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் இருக்கலாம் என்று காட்டியதோடு, இரத்தத்தில் புரோஜெரின் அளவை நேரடியாக அளக்கும் முறையையும் தந்தது.

இரண்டரை ஆண்டு என்பது சிறிதாகத் தோன்றலாம். பதினான்கரை ஆண்டு வாழ்க்கையில் அது ஆறில் ஒரு பங்கு. மருந்தோடு வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், ஏற்கெனவே எடை ஏறாத குழந்தையின் வீட்டில் தினமும் இரண்டு வேளை நடக்கும் போராட்டம். உணவோடுதான் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாத குழந்தைக்குக் காப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் மருந்தை ஆரஞ்சுச் சாற்றிலோ ஆப்பிள் மசியலிலோ கலந்து கொடுக்கலாம்.

பணமும் நிறுவனமும்

சில நூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய மருந்தை எந்த நிறுவனம் தயாரிக்கும்? ஒப்புதலுக்கான விண்ணப்பத்தை முன்னெடுக்க அறக்கட்டளை 2018இல் ஐகர் பயோஃபார்மசூட்டிகல்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கச் சட்டப்படி, குழந்தைகளின் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவருபவருக்கு, வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கக் கோரும் உரிமைச் சீட்டு ஒன்று வழங்கப்படும், அதை விற்கலாம். ஐகர் அந்தச் சீட்டை 9.5 கோடி டாலருக்கு ஆப்வி நிறுவனத்துக்கு விற்றது. அந்தத் தொகையில் பாதி அறக்கட்டளைக்கு என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். மருந்து கைக்கு வருவதற்கு முன்பே, அதனால் பிறக்கும் பலன் அடுத்த ஆராய்ச்சிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உறுதி செய்துகொண்ட முன்யோசனையைப் பிற அமைப்புகள் கவனித்துப் படிக்க வேண்டும் என்பேன்.

ஆனால் 2024இல் ஐகர் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் ஜப்பான் 2024 தொடக்கத்திலும் மருந்துக்கு ஒப்புதல் தந்திருந்த வேளை அது. தினமும் இரண்டு வேளை நிறுத்தாமல் எடுக்க வேண்டிய, மாற்றே இல்லாத மருந்தின் உரிமை ஏலத்துக்கு வந்தது. செண்டினல் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது.

வீட்டுக்குள் செல்லும் உதவி

மருந்தைப் பற்றியே பேசினால் அறக்கட்டளையின் பாதி வேலை விட்டுப்போகும். 2010இல் அது ஒரு பராமரிப்புக் கையேட்டை வெளியிட்டுப் பல மொழிகளில் கிடைக்கச் செய்தது. குழந்தையை முதல் முறையாகப் பார்க்கும் உள்ளூர் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து எழுதப்பட்டது அது. பக்கவாதத்தைத் தவிர்க்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின். நாள் முழுவதும் போதுமான தண்ணீர். ஒரே வேளையில் அதிகமாகச் சாப்பிட முடியாத குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் பல வேளை உணவு. பாதத்தில் கொழுப்பு இல்லாததால் காலணிக்குள் மெத்தை. தாடையும் குரல்வளையும் சிறியவை என்பதால் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தனி எச்சரிக்கை. மூட்டுகள் விறைக்காமலிருக்க இயன்முறைப் பயிற்சி. இவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் யாராவது சொன்னால்தான் தெரியும்.

சாம் தன் உயர்நிலைப் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் பறை வகையைச் சேர்ந்த சினேர் டிரம் வாசிக்க ஆசைப்பட்டான். கருவியும் அதைத் தாங்கும் பட்டையும் சேர்ந்து 18 கிலோ. அவனோ 23 கிலோதான் இருந்தான். குடும்பத்தார் ஒரு பொறியாளரோடு சேர்ந்து மூன்று கிலோவுக்கும் குறைவான கருவியையும் பட்டையையும் வடிவமைத்தார்கள். அவன் அதைத் தாங்கிக்கொண்டு மைதானத்தில் அணிவகுத்தான். 2013இல் அவன் மேடையில் பேசிய உரையில் இதைத் தானே சொன்னான். கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். 2014 ஜனவரி 10 அன்று 17 வயதில் சாம் இறந்தான். பெற்றோரும் ஆட்ரியும் வேலையை நிறுத்தவில்லை. மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது அவன் மறைந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து.

கேட்க வேண்டிய கேள்விகள்

பரிசோதிக்கப்படும் குழந்தையின் தாயே அறக்கட்டளையின் மருத்துவ இயக்குநராகவும் ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருப்பது சரியா? இது நியாயமான கேள்வி. முதல் பரிசோதனையின் தலைமை ஆய்வாளராக இருந்தவர் குழந்தைப் புற்றுநோய் மருத்துவரான மார்க் கீரன். பரிசோதனை நடந்தது மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் கண்காணிப்பில். தாய் தலைமை ஏற்காமல் விலகி நின்றது தேவையானதுதான். ஆயினும் இவ்வளவு அரிய நோயில் ஈடுபாடு உள்ளவர்களை விலக்கிவிட்டால் மிஞ்சுபவர் எவரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு வரும் முடிவு, சமகாலத்தில் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு வரும் முடிவுக்கு நிகராகாது. பாஸ்டன் வரை வர முடிந்த குழந்தைகள் ஓரளவு திடமானவர்களாக இருந்திருக்கலாம். அடிக்கடி மருத்துவர்கள் பார்த்ததே ஆயுளைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆய்வாளர்கள் வயது, பாலினம், கண்டம் என்று பொருத்தி இதைக் குறைக்க முயன்றிருக்கிறார்கள். முழுவதும் நீக்கிவிட முடியாது. இருப்பினும் 27க்கு ஒன்று, 27க்கு ஒன்பது என்ற இடைவெளியை இந்தக் காரணங்கள் மட்டுமே உண்டாக்கியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த கட்டம் மூல காரணத்தையே திருத்துவது. மாறிய அந்த ஓர் எழுத்தை மட்டும் பழையபடி மாற்றும் மரபணுத் திருத்த முறையை டேவிட் லியூவும் காலின்ஸும் உள்ளிட்ட குழு எலிகளில் ஒரே ஊசியில் செய்து பார்த்து 2021 ஜனவரியில் வெளியிட்டது. எலிகளின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளாக உயர்ந்தது. இத்தாலியில் 2005இல் தன் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கப்படக் காரணமாயிருந்த சாமி பாஸோ, பாஸ்டன் பரிசோதனையிலும் பங்கேற்றவர். படுவா பல்கலைக்கழகத்தில் படித்துத் தன் நோய்க்கான மரபணுத் திருத்தம் குறித்தே ஆய்வேடு எழுதினார். 28 வயதில், 2024 அக்டோபரில் அவர் காலமானபோது, இந்த நோயோடு மிக நீண்ட காலம் வாழ்ந்தவராக அறியப்பட்டிருந்தார்.

இன்னும் காணக் கிடைக்காதவர்கள்

2009 அக்டோபரில் அறக்கட்டளை ஓர் உலகளாவிய தேடலைத் தொடங்கியது. அப்போது அதற்குத் தெரிந்திருந்த குழந்தைகள் ஐம்பதுக்குச் சற்று மேல்; உலகில் இருநூறு பேராவது இருக்க வேண்டும் என்ற கணக்கில், மீதமுள்ள 150 பேரைத் தேடுவோம் என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் அறியப்பட்டவர்களின் எண்ணிக்கை இரட்டித்தது. இன்றைய மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 400 குழந்தைகள் இருக்கலாம்; அவர்களில் பாதிப் பேர்கூடப் பதிவேட்டில் இல்லை.

இரண்டு கோடிக்கு ஒருவர் என்ற கணக்கை 140 கோடி மக்களுக்குப் போட்டால் இந்தியாவில் எழுபது குழந்தைகள் வரும். 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடிப் பேர் வாழ்ந்த தமிழ்நாட்டில் மூன்று அல்லது நான்கு பேர். இது வெறும் வகுத்தல் கணக்குதான். உண்மையில் ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருந்தால், முதல் அடையாளம் தோன்றும் இடம் பாஸ்டன் ஆய்வகமாக இருக்காது. நம் அங்கன்வாடிகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். எடை ஏறாத குழந்தை என்றால் பெரும்பாலும் சத்துக்குறைவுதான், சத்துமாவு கொடுத்ததும் கோடு மேலேறும். சாப்பாட்டில் குறையில்லாமலும் கோடு படுத்தே கிடந்து, கூடவே தொடையிலும் வயிற்றிலும் தோல் இறுகி, தலைமுடி கொட்டி, நெற்றி நரம்பு தெரியத் தொடங்கினால், அந்த அட்டையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் அறக்கட்டளைக்கு எழுதினால் மரபணுச் சோதனைக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை.